அண்ணனின் அக்குளுக்குக் கீழே

எங்கள் முதலாளிக்கு நான் வைத்திருக்கும் பெயர் ‘ஆகட்டும் சார்’. முகத்துக்கு நேரே சொன்னதில்லை, மாதாமாதம் சம்பளம் வாங்குகிறேன் அல்லவா. வந்தவர் எதைக் கேட்டாலும், கேட்டு முடிக்கும் முன்பே, “ஆகட்டும் சார், நம்ம பொண்ணு பாத்துக்கும்” என்பார். அந்தப் பொண்ணு நான்தான். இணையப் பக்கம் கட்டுவது என் தொழில். படம் எங்கே நிற்க வேண்டும், எழுத்து எங்கே ஓட வேண்டும், எது எதன்மேல் ஏற வேண்டும் என்று வரி வரியாக எழுதுவது நான். “விடிய விடிய உக்காந்து முடிச்சேன் சார்” என்று போய்ச் சொல்வது அவர்.

மெத்தைக் கம்பெனி வேலையும் அப்படித்தான் என் தலையில் வந்து விழுந்தது.

கம்பெனி மூன்று பேருடையது. மூவரும் ஒரே வயிற்றுப் பிள்ளைகள். மூத்தவர் பெரியவர். அவர் அறைச் சுவரில் அவருடைய படங்களே மாட்டியிருக்கும். நடுவில் ஒரு கடிகாரத்துக்கு மட்டும் இடம் விட்டிருந்தார்கள். கடைசி ஆள் சின்னவர். வெளியே போய் ஏதோ படித்துவிட்டு வந்தவர். ‘கடை’ என்று சொல்லவே மாட்டார், ‘அனுபவ மையம்’ என்பார். இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு பெண், தையல் கூடத்தைப் பார்த்துக்கொள்பவர். வாசல் காவல்காரரிலிருந்து வண்டி ஓட்டுகிறவர் வரை எல்லோருக்கும் அவர் அக்கா, எனக்கும் அக்கா. பெரியவருக்கு மட்டும் இன்னும் ‘பாப்பா’. நாற்பதைத் தாண்டி, காதோரம் நரைத்து, தலையெல்லாம் பஞ்சுத் தூசியோடு நிற்கும் அந்தப் பெண்மணியை அவர் பாப்பா என்று கூப்பிடும்போது எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

முதல் நாளே அக்கா என்னைத் தையல் கூடத்துக்கு இழுத்துக்கொண்டு போனார். நீளமான கூடம். ஒரு பக்கம் மெஷின்கள், மறு பக்கம் பஞ்சு மூட்டைகள். பெண்கள் தலை நிமிராமல் தைத்துக்கொண்டிருந்தார்கள். மூலையில் ஒரு மெத்தை உறையில்லாமல் திறந்து கிடந்தது. ஒரே பலகையாக இல்லாமல், பட்டை பட்டையாக வெட்டிய ஃபோம், கூரையில் ஓடு அடுக்கின மாதிரி ஒன்றின்மேல் ஒன்று பாதி ஏறிப் படுத்திருந்தது.

“கைய வெச்சு அமுக்கு” என்றார் அக்கா.

அமுக்கினேன். அமுக்கிய பட்டை இறங்கியது, பக்கத்துப் பட்டை வந்து கையைத் தாங்கிக்கொண்டது.

“எங்கம்மா படுத்த படுக்கையா இருக்காங்க. முதுகெல்லாம் புண்ணு. தொட்டா அலறுவாங்க. நம்ம கம்பெனி மெத்தை ஒவ்வொண்ணாப் போட்டுப் பாத்தேன், ஒண்ணும் ஆகல. மெத்தைக் கம்பெனி நடத்துற வீட்ல அம்மாவுக்குப் படுக்க ஒரு மெத்தை இல்லையேன்னு எனக்கு வெக்கமாப் போச்சு. அதான் இதை வெட்டி வெட்டிச் சேத்தேன். இப்ப புண்ணு ஆறிடுச்சு. தூங்குறாங்க.”

“விக்கலாமே அக்கா!”

“அதுக்குத்தான் உன்னைக் கூப்பிட்டது” என்று சொல்லிவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். “அண்ணன் ஒரு மாசம் குடுத்திருக்காரு. இணையத்துல போட்டு வித்துக் காட்டு, இல்லேன்னா விட்டுடுங்கறாரு. வித்தாத்தான் இந்தக் கூடம். விக்கலேன்னா தம்பி இதை இடிச்சு அனுபவ மையம் கட்டப் போறான். ஜனங்க வந்து மெத்தையில படுத்துப் போட்டோ எடுத்துக்குவாங்களாம். தையலை வெளிய குடுத்துடலாமாம். இவங்கள்லாம் எங்க போவாங்க?”

அந்தப் பெண்களில் ஒருத்தி கூட நிமிரவில்லை. ஆனால் மெஷின் சத்தம் கொஞ்சம் குறைந்தது. காது எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரிந்தது.

“இணையப் பக்கத்துல உங்க படம் எங்க வரணும் அக்கா?” என்று கேட்டேன். எல்லா வாடிக்கையாளரும் முதலில் பேசுவது அதைத்தான்.

“என் மூஞ்சி எதுக்கு? மெத்தை தெரியணும். ‘வாங்கு’ன்னு ஒரு பட்டன் இருக்கணும். அமுக்குனா ஆர்டர் என் போனுக்கு வரணும். அவ்ளோதான்.”

என் தொழிலில் இவ்வளவு சுருக்கமாகப் பேசிய வாடிக்கையாளரை நான் பார்த்ததில்லை. இவருக்காக உயிரைக் கொடுத்து வேலை செய்வது என்று அங்கேயே முடிவு செய்துவிட்டேன். அப்போது மாடியிலிருந்து ஆள் வந்தது, பெரியவர் கூப்பிடுகிறார் என்று.

மாடியில் ஆகட்டும் சார் ஏற்கெனவே நாற்காலி நுனியில் உட்கார்ந்து தலையாட்டிக்கொண்டிருந்தார். மேஜைமேல் இரண்டு புகைப்படங்கள். ஒன்றில் பெரியவர் கோட்டுப் போட்டு, வலது கையை முழுசாக நீட்டி எதையோ காட்டிக்கொண்டிருந்தார். இன்னொன்றில் சின்னவர் கையைக் கட்டிக்கொண்டு, கேமராவைப் பார்க்காமல் எதிர்காலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“பின்னாடி இருக்குற சுவரையெல்லாம் வெட்டிட்டு ஆளை மட்டும் எடுத்துப் போடணும். மெத்தைக்குப் பக்கத்துல நான் நிக்கறேன், கை மெத்தையைக் காட்டுது. எப்படி?” என்றார் பெரியவர்.

“பிரமாதம் சார்!” என்றார் ஆகட்டும் சார்.

“நானும் வரணும்” என்றார் சின்னவர். “இப்பல்லாம் டிசைன்ல எல்லாமே ஓவர்லேப் தான். நானும் அண்ணனும் கொஞ்சம் ஒருத்தர்மேல ஒருத்தர் ஏறின மாதிரி நிக்கணும். ஒரு ஆழம் கிடைக்கும்.”

“யாரு மேல யாரு?” என்று கேட்டுத் தொலைத்தேன்.

ஆகட்டும் சார் என் காலை மிதித்தார்.

ஏறுவதைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். இணையப் பக்கம் பார்வைக்குத்தான் தட்டை. உள்ளே அது மேஜையில் காகிதங்களை ஒன்றன்மேல் ஒன்று போட்டு வைத்த கதைதான். ஒவ்வொரு காகிதத்துக்கும் ஓர் எண் கொடுக்கலாம். எண் பெரிதாக உள்ளது மேலே வரும். இதைத் தெரிந்துகொண்ட வாடிக்கையாளர் யாரும் அப்புறம் நிம்மதியாகத் தூங்கியதில்லை. இன்னொன்று: வெட்டி எடுத்த படம் கண்ணுக்குத்தான் ஆள் வடிவம். உண்மையில் அது ஒரு சதுரக் கண்ணாடி. ஆள் இருக்கும் இடம் போக மீதி வெற்றிடமும் அவருக்கே சொந்தம். அடியில் இருப்பது பளிச்சென்று தெரியும், ஆனால் விரல் போய்ச் சேராது. அதனால் என்னைப் போன்றவர்கள் முதலில் செய்கிற காரியம், பட்டனை எல்லாவற்றுக்கும் மேலே தூக்கி வைப்பது.

பெரியவருடைய நீட்டிய கைக்குக் கீழே, அக்குளுக்குப் பக்கத்தில், நல்ல இடம் ஒன்று காலியாக இருந்தது. பார்க்கிறவர் கண் முகத்திலிருந்து கைக்கும், கையிலிருந்து மெத்தைக்கும் போய் நேராக அங்கேதான் இறங்கும். ‘வாங்கு’ பட்டனை அங்கே வைத்தேன். பட்டனுக்கு நூறு. பெரியவருக்குப் பத்து. சின்னவருக்கு என்ன கொடுக்கலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தபோதே அவர் போன் செய்தார்.

“அண்ணனுக்கு என்ன நம்பர் போட்டிருக்கீங்க?”

“அதெல்லாம் சின்ன நம்பர் தான் சார்.”

“எனக்கு எவ்ளோ போட முடியும்?”

“எவ்ளோ வேணா போடலாம் சார்.”

“அப்ப தொண்ணூத்தொம்பதாயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூத்தொம்பது போடுங்க.”

போட்டேன். ஆனால் முதலில் அவரை ஒரு பெட்டிக்குள் வைத்து, அந்தப் பெட்டிக்கு ஐந்து என்று எண் கொடுத்தேன். பெட்டி ஐந்தாவது இடத்தில் இருந்தால் உள்ளே இருப்பவர் கோடியே போட்டுக்கொண்டாலும் பெட்டியைத் தாண்டி வெளியே வர முடியாது. உள்ளுக்குள் அவர் ராஜா. வெளியே அண்ணனுக்குப் பின்னால் அரை முகம். எண்ணைப் பார்த்துச் சின்னவருக்கு வாயெல்லாம் பல். படத்தைப் பார்த்துப் பெரியவருக்கு வாயெல்லாம் பல். சண்டை இல்லாமல் முடித்துவிட்டேன் என்று எனக்கும் ஒரே பெருமை.

பக்கம் திறந்த அன்று அக்கா தையல் கூடத்திலிருந்தே போனில் ‘வாங்கு’ பட்டனை அமுக்கிப் பார்த்தார். அவர் கையிலிருந்த அதே போனில் ஆர்டர் வந்து ‘டிங்’ என்றது. கூடமே கைதட்டியது. அன்று மாலைக்குள் உண்மையான ஆர்டர்களும் சில வந்துவிட்டன. அக்கா எனக்குப் போன் செய்து, “வருதுடி, வருது! யாருன்னே தெரியாதவங்க கிட்டேர்ந்து வருது!” என்றார். குரல் உடைந்துவிட்டது. எனக்கும் கண் கலங்கிவிட்டது என்று சொல்ல வெட்கமில்லை.

மறுநாள் நான் செருப்புக் கடை வேலைக்கு மாற்றப்பட்டேன். வரிசையாக நூற்றுக்கணக்கில் செருப்புகள். ஒவ்வொன்றுக்கும் இடது கால், வலது கால். மெத்தையை மறந்தே போனேன்.

அந்தப் பக்கம் என்ன நடந்தது என்பதைப் பின்னால்தான் தெரிந்துகொண்டேன். வீட்டில் சாப்பிட உட்கார்ந்த இடத்தில் சின்னவருக்கு வாய் சும்மா இருக்கவில்லை. தன் எண் என்ன, அண்ணன் எண் என்ன என்று அவிழ்த்துவிட்டார். பெரியவர் சாப்பாட்டைப் பாதியில் விட்டு எழுந்து ஆகட்டும் சாருக்குப் போன் போட்டார்.

“எனக்குப் பத்து, அவனுக்குத் தொண்ணூத்தொம்பதாயிரமா? கம்பெனியை ஆரம்பிச்சது யாருய்யா?”

“நீங்கதான் சார்.”

“பத்து லட்சம் போடு.”

“ஆகட்டும் சார்!”

இந்த ஒரு தடவை மட்டும் அவர் ‘நம்ம பொண்ணு பாத்துக்கும்’ என்று சொல்லவில்லை. ஒரு எண்தானே, இதற்கு எதற்கு அவள் என்று தானே திறந்து, தன் கையாலேயே பத்து லட்சம் போட்டுவிட்டார். பெரியவர் பத்து லட்சத்தில். பட்டன் நூறில். பக்கத்தில் ஒரு மயிரிழை கூட மாறித் தெரியவில்லை. பட்டன் அதே இடத்தில், அதே பச்சையில், அண்ணனின் கைக்குக் கீழே மின்னிக்கொண்டிருந்தது. நடுவில் ஒரு கண்ணாடி வந்துவிட்டது, அவ்வளவுதான். போட்ட பிறகு ஆகட்டும் சார் பார்த்தார். பெரியவர் பார்த்தார். சின்னவர் பார்த்தார். பார்த்தார்கள், ஒருத்தராவது அமுக்க வேண்டுமே! மெத்தை வாங்கும் உத்தேசம் அவர்களில் யாருக்கும் இல்லை.

அன்றோடு ஆர்டர் நின்றது.

அக்கா முதல் வாரம் பொறுத்தார். பட்டன் வேலை செய்வதை முதல் நாளே பார்த்துவிட்டதால், மறுபடி அமுக்கிப் பார்க்க அவருக்குத் தோன்றவில்லை. இரண்டாம் வாரம் என் எண்ணுக்குக் கூப்பிட்டிருக்கிறார். நான் செருப்புக் கடைக்கு மாறியதும், வாடிக்கையாளர் என்னிடம் நேரே பேசக் கூடாது என்று ஆகட்டும் சார் ஒரு சட்டம் போட்டு, அந்த அழைப்புகளைத் தனக்கே வரும்படி மாற்றி வைத்திருந்தார். “எல்லாம் சரியாத்தான் இருக்கும்மா, மக்கள் யோசிச்சுத்தான் வாங்குவாங்க” என்று அவரே பதில் சொல்லியிருக்கிறார். அமுக்கிப் பார்த்தவர்கள் சும்மா இருந்தார்களா என்றால் அதுவும் இல்லை. பக்கத்தின் அடியில் இருந்த போன் எண் பெரியவர் அறையில்தான் மணியடிக்கும். கூப்பிட்டவர்கள் மெத்தை வேண்டும் என்று ஆரம்பிக்கும் முன்பே அவர், “எல்லாம் இணையத்துலயே போட்டிருக்கோம், அங்க போய்ப் பாருங்க” என்று கம்பீரமாகச் சொல்லி வைத்துவிடுவார்.

இதற்கிடையில் ஆகட்டும் சாருக்கு ஒரு புது விளையாட்டுச் சாமான் கிடைத்தது. பக்கத்துக்கு வருகிறவர்கள் எந்த இடத்தில் விரல் வைக்கிறார்கள் என்று நிறம் போட்டுக் காட்டும் கருவி. கொஞ்சம் பேர் தொட்டால் நீலம், நிறையப் பேர் தொட்டால் சிவப்பு. அதை மெத்தைப் பக்கத்தில் மாட்டிவிட்டுப் பார்த்தால், பக்கம் முழுக்க எங்குமே நிறமில்லை. பெரியவர்மேல் மட்டும் செக்கச் செவேல்.

எங்கள் முதலாளி ஒருவரைக் குளிர்விக்க வாய்ப்புக் கிடைத்தால் விடுவாரா? அச்செடுத்து, உறையில் போட்டு, நேரில் கொண்டுபோய் நீட்டினார்.

“சார், வர்றவங்க எல்லாம் உங்களைத்தான் தொடுறாங்க. ஒருத்தர் ஒரு தடவை இல்ல சார், பத்துத் தடவை தொடுறாங்க. விட மாட்டேங்கறாங்க!”

பெரியவர் அதைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டினார். கடிகாரத்துக்கு இருந்த இடம் அதற்குப் போயிற்று. பார்க்க வந்தவர்களிடமெல்லாம், “மெத்தை சும்மாங்க, ஒரு சாக்கு. ஜனங்களுக்கு என் மேல ஒரு பாசம்” என்றாராம். சின்னவருக்கு வயிற்றெரிச்சல் தாங்கவில்லை. தன்மேல் நீலம் கூட இல்லையே என்று தலைமுடியை மாற்றி வெட்டிக்கொண்டு புதிதாக ஒரு படம் எடுத்து அனுப்பினார்.

மாதம் முடிந்த மறுநாள் கூட்டம் வைத்தார்கள். சுவரில் படம் காட்டும் கருவியோடு கணினியை இணைக்க ஆகட்டும் சாருக்குத் தெரியாது. அதனால்தான் என்னையும் கூட்டிக்கொண்டு போனார். “ஒயரை மாட்டு, மூலையில உக்காரு, வாயத் தொறக்காத” என்று வழியெல்லாம் பாடம் நடத்தினார்.

அறைக்குள் நுழைந்ததும் அக்காவைப் பார்த்துத் திடுக்கிட்டேன். ஆளே பாதியாக இருந்தார். தலையில் பஞ்சுத் தூசி இல்லை. கூடத்தில் வேலை இல்லை என்பது அதிலேயே தெரிந்தது. என்னைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்தார், அதற்கு அவர் அழுதே இருக்கலாம்.

“முதல் நாள் வந்ததோட சரி அக்கா. அப்புறம் ஒண்ணு கூட இல்ல” என்று ஆரம்பித்தார் சின்னவர். “முதல் நாளும் தெரிஞ்சவங்க யாராச்சும் பாவம்னு வாங்கியிருப்பாங்க. உணர்ச்சிவசப்பட்டு வியாபாரம் பண்ண முடியாது.”

“பாப்பா, நீ நல்லாத்தான் செஞ்சே. ஆனா யாருக்கும் வேண்டியிருக்கல” என்றார் பெரியவர். “அம்மாவுக்குச் செஞ்ச, அதோட விட்டுடு. அடுத்த வாரம் கூடத்தைக் காலி பண்ணிக் குடுத்துடு. பொம்பளைங்களுக்கு நானே சொல்லிடறேன்.”

“வேணாம்ணா. நான் சொல்லிக்கறேன்” என்றார் அக்கா. “நான்தான் வரும் வரும்னு சொல்லி நம்ப வெச்சேன்.”

நல்ல மெத்தை. நானே அமுக்கிப் பார்த்த மெத்தை. ஏன் போகவில்லை?

“சோகத்தை விடுங்க சார், நல்ல சேதியைப் பாப்போம்” என்று ஆகட்டும் சார் கையைத் தேய்த்துக்கொண்டு எழுந்தார். “இந்த மாச ரிப்போர்ட். ஏய், போடு.”

போட்டேன். சுவர் முழுக்கப் பக்கம் விரிந்தது. பெரியவர் ஆளுயரத்துக்கு, கையை நீட்டி நின்றார். அவர்மேல் சிவப்பு.

நான் முதல் தடவையாக அதைப் பார்க்கிறேன். முகத்தில் சிவப்பு இல்லை. கோட்டில் இல்லை. நீட்டிய கையில் கூட இல்லை. சிவப்பு முழுக்க அவர் அக்குளுக்குக் கீழே அப்பியிருந்தது. எனக்குச் சிரிப்பு வந்தது. பாசம் முற்றிப்போய்த் தொடுகிறவன் கன்னத்தைத் தொடுவான், காலைத் தொடுவான், எவனாவது அக்குளைத் தொடுவானா? அதுவும் ஒரே ஆள் பத்துத் தடவை?

அப்புறம்தான் அந்தச் சிவப்பின் வடிவத்தைப் பார்த்தேன். நீளமாக, இரண்டு முனையும் உருண்டு. அந்த வடிவத்தை வரைந்ததே நான்தான்.

என் சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. கணினியில் பக்கத்தைத் திறந்து, ‘வாங்கு’ பட்டனை அமுக்கினேன். ஒன்றும் நடக்கவில்லை. மறுபடி அமுக்கினேன். அசையவில்லை. உள்ளே போய் எண்களைப் பார்த்தேன். பத்து லட்சம்! அடப்பாவி மனுஷா என்று ஆகட்டும் சாரைப் பார்த்தேன். அவர் பெரியவரைப் பார்த்துப் பூரித்துக்கொண்டிருந்தார்.

“டீ வந்தாச்சு, குடிச்சிட்டுக் கூடத்தை மூடறதை எழுதிடுவோம்” என்றார் பெரியவர்.

எல்லோரும் எழுந்து டீத் தட்டுப் பக்கம் போனார்கள். எண்ணைக் குறைக்கலாம், குறைத்தால் பெரியவர் கண்டுபிடித்துப் பழையபடி ஏற்றச் சொல்வார், இவ்வளவு பெரிய எண்ணைக் கேட்டு வாங்கியவர் அவராகத்தான் இருக்க வேண்டும். அதனால் பெரியவர் படத்துக்கு ஒரே ஒரு வரி எழுதினேன். அந்த வரி இருந்தால் படம் மேலேயே இருக்கும், கம்பீரமாகத் தெரியும், ஆனால் விரல் பட்டால் அதை ஏற்றுக்கொள்ளாமல் அடியில் இருப்பதற்கு விட்டுவிடும். சேமித்தேன். பட்டனை அமுக்கினேன். திறந்தது.

அக்கா டீ எடுக்காமல் ஜன்னல் பக்கம் நின்றிருந்தார். போய்க் காதில் சொன்னேன். எல்லாவற்றையும், பத்து லட்சம் முதல் அக்குள் வரை. அவர் முகத்தில் ரத்தம் ஏறுவதைப் பார்த்தேன்.

“அப்ப என் மெத்தை வேணும்னுதான் இருந்திருக்காங்களா?” என்றார். “அமுக்கி அமுக்கிப் பாத்திருக்காங்களா?”

“பைத்தியம் மாதிரி அமுக்கியிருக்காங்க அக்கா.”

“நான் என் மெத்தை நல்லாயில்லையோன்னு நினைச்சிட்டேனேடி. அம்மா என்னைத் தேத்தறதுக்காக வலி இல்லன்னு பொய் சொல்றாங்களோன்னு கூட நினைச்சேனே.”

அவர் அழ ஆரம்பிப்பதற்குள் அவர் இடுப்பில் செருகியிருந்த போன் ‘டிங்’ என்றது. இரண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டோம். இன்னொரு ‘டிங்’. டீ ஆறுவதற்குள் அது ஓயாமல் கத்த ஆரம்பித்தது. பாவம், எத்தனை பேர் வீட்டில் எத்தனை பேருக்கு முதுகு வலித்ததோ.

“என்ன சத்தம் அது?” என்றார் சின்னவர், பிஸ்கட்டும் கையுமாக.

“ஆர்டர்” என்றேன். வாயைத் திறக்காதே என்று சொல்லியிருந்தார்கள், திறந்துவிட்டேன்.

ஆகட்டும் சார் ஒரு நொடிதான் திகைத்தார். அடுத்த நொடி, “பாத்தீங்களா சார்!” என்று குதித்தார். “ஒரு மாசமா உங்களைத் தொட்டுத் தொட்டு, இப்ப நம்பிக்கை வந்து வாங்க ஆரம்பிச்சிட்டாங்க!”

பெரியவர் நெஞ்சை நிமிர்த்தினார். “நான் அப்பவே நினைச்சேன். பாப்பா, கவலைப்படாத. என் படத்தை இன்னும் கொஞ்சம் பெரிசாப் போடச் சொல்றேன். எல்லாம் சரியாயிடும்.”

எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. சண்டை போட்டே தீருவது, வேலை போனால் போகட்டும் என்று எழுந்தேன். அக்கா என் தோளை அமுக்கி உட்கார வைத்தார். அவரே சுவரருகே போனார். படம் அவர்மேலும் விழுந்தது. அண்ணனின் கை அவர் தோள்மேல் நீண்டிருந்தது. சிவப்பின் நடுவில் விரலை வைத்தார்.

“அண்ணா, இங்க என்ன இருக்கு?”

“நான் இருக்கேன்.”

“உங்களுக்குக் கீழ?”

பெரியவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். “ஏதோ பட்டன் இருக்கு.”

“அது என் பட்டன். நீங்க பத்து லட்சம் போட்டு அதுமேல ஏறி நின்னுட்டீங்க. அவங்க யாரும் உங்களைத் தொடலண்ணா. உங்களைத் தாண்டி என் மெத்தையைத் தொடப் பாத்தாங்க. ஒரு மாசமாப் பாத்தாங்க. நீங்க விடல.”

போன் விடாமல் கத்திக்கொண்டே இருந்தது. ஆகட்டும் சார் மேஜைக்கு அடியில் எதையோ தேடுவது போல் குனிந்துகொண்டார். சின்னவர் டீயில் நனைத்த பிஸ்கட்டை வெளியே எடுக்க மறந்துவிட்டார், அது கரைந்து உள்ளே விழுந்தது.

“இப்ப எப்படி வருது?” என்று கேட்டார் பெரியவர், மெதுவாக.

“உங்களைத் தூக்கல சார்” என்றேன். “மேலயேதான் இருக்கீங்க. குறுக்க மட்டும் நிக்கல.”

அக்கா சிரித்துவிட்டார். கண்ணில் தண்ணீரோடு, வாய்விட்டுச் சிரித்தார். போனை எடுத்துக்கொண்டு, “எனக்குத் தலைக்கு மேல வேலை கிடக்கு” என்று சொல்லிவிட்டுக் கதவைத் திறந்து படியிறங்கிப் போய்விட்டார். கூடம் இருக்கட்டுமா, போகட்டுமா என்று யாரையும் கேட்கவில்லை.

பெரியவர் சுவரைப் பார்த்தபடியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். ஒரு மாதம் ஊரே தன்னைத் தொட்டது என்று இருந்த மனுஷன். எனக்கே ஒரு கணம் பாவமாகப் போய்விட்டது.

“அப்ப இவ்ளோ பேரும் என்னைத் தாண்டிப் போகத்தான் பாத்தாங்களா?”

“ஆமா சார்.”

அவர் பார்வை சுவரில் மெல்ல நகர்ந்தது. தன் கோட்டுக்குப் பின்னால் அரை முகமாகத் தெரிந்த தம்பியின்மேல் போய் நின்றது. அங்கே சிவப்பு இல்லை, நீலம் இல்லை, ஒரு பொட்டு நிறம் இல்லை.

“சின்னவனை?”

“அவரை ஒருத்தரும் தொடல சார்.”

“தாண்டக் கூடப் பாக்கலையா?”

“இல்ல சார்.”

“ஒருத்தர் கூடவா?”

“ஒருத்தர் கூட இல்ல.”

பெரியவர் முகம் தெளிந்துவிட்டது. ஆறிப்போன டீயை எடுத்து ஒரே மூச்சில் குடித்துவிட்டுக் கோப்பையைக் கீழே வைத்தார்.

“அப்ப சரி” என்றார். “தையல் கூடம் இருந்துட்டுப் போகட்டும்.”

அந்த உத்தரவைக் கேட்க அக்கா அங்கே இல்லை. கீழே மெஷின்கள் எப்போதோ ஓட ஆரம்பித்திருந்தன.